லண்டன் குடித்த தண்ணீர்

கிரேட் ஆம்வெல்

லண்டனின் வடக்கு விளிம்பைத் தாண்டி, ரயில் பாதையை ஒட்டியே லீ ஆறு வரத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது கிரேட் ஆம்வெல். மேட்டில் ஒரு சர்ச், சரிவில் கல்லறைகள், கீழே ஒரு வாய்க்கால். அது இங்கே கொஞ்சம் அகன்று, நடுவில் சின்னத் தீவை விட்டுச் சுற்றிக்கொண்டு போகிறது. தீவில் கல்தாழி வைத்த ஒரு நினைவுச்சின்னம். ராபர்ட் மில்ன் என்ற பொறியாளர் 1800-ல் எழுப்பியது. யாருக்காக என்றால், இந்த வாய்க்காலை வெட்டிய ஹியூ மிடில்டனுக்காக.

வாய்க்காலின் பெயர் நியூ ரிவர். வெட்டி முடித்து 1613 செப்டம்பரில் தண்ணீர் விட்டார்கள். ஆம்வெல், சாட்வெல் ஆகிய இரண்டு ஊற்றுகளின் நீரை லண்டனுக்குக் கொண்டுபோக வேண்டும். நேர்க்கோட்டில் போனால் தூரம் கம்மி, ஆனால் வழியில் மேடு பள்ளம். அதனால் நிலத்தின் மட்டம் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் வளைந்து வளைந்து சுமார் 62 கிலோமீட்டர் வெட்டினார்கள். அந்த 62 கிலோமீட்டருக்கும் சேர்த்து இறக்கம் ஆறு மீட்டர்கூடக் கிடையாது. பம்ப் இல்லை, தண்ணீர் தன் போக்கில் நடந்து நகரத்துக்குப் போயிற்று. மிடில்டன் பொற்கொல்லர், வேல்ஸ்காரர். பணம் கரைந்து, வழியில் நிலக்காரர்கள் மறித்தபோது, அரசர் முதலாம் ஜேம்ஸ் பாதிச் செலவை ஏற்றுக்கொண்டு லாபத்தில் பாதி கேட்டார். பின்னாளில் ஒரு குளிர்காலத்தில் அதே அரசர் குதிரையிலிருந்து சறுக்கி இந்த வாய்க்காலின் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு தலைகுப்புற விழுந்தார்; வெளியே தெரிந்தது பூட்ஸ் மட்டும்தான் என்று அக்காலக் கடிதம் ஒன்று சொல்கிறது. பங்குதாரர் தன் முதலீட்டைச் சோதித்துப் பார்த்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

குனிந்து பார்த்தேன். அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். நீட்டமான பச்சைக்கொடிகள் நீரோட்டத்தின் பக்கம் சாய்ந்து கிடக்க, அவற்றின் நடுவே விரல்நீள மீன்கள் எதிர்த்து நின்றபடி நகராமல் நீந்திக்கொண்டிருந்தன. இந்தப் பகுதி முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. பெய்த மழை அந்தப் பாறைக்குள் இறங்கி, மெல்ல ஊறி, அடியில் வெளியே வரும்போது கண்ணாடிபோல வருகிறது. மனிதன் கைவைப்பதற்கு முன்பே நிலம் ஒருமுறை வடிகட்டிவிடுகிறது. இப்போது வாய்க்காலில் ஓடுவதில் பெரும்பங்கு லீ ஆற்றிலிருந்து எடுப்பது, ஊற்றுகள் பேருக்குத்தான். ஆனாலும் நானூறு ஆண்டுக்கு மேல் ஆன இந்த வாய்க்கால் இன்னும் லண்டனுக்குக் குடிநீர் தருகிறது.

நாயோடு வந்த ஒரு அம்மாள், நான் அவ்வளவு நேரம் தண்ணீரையே பார்ப்பதைக் கண்டு நின்றார். சென்னையிலிருந்து வருகிறேன், எங்கள் ஊருக்குத் தண்ணீர் வரும் ஏரியைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி என்றேன். "லண்டன்காரர்களும் அப்படித்தான். இங்கே வந்து பார்ப்பது யார்? குழாய் திறந்தால் வருகிறது, அவ்வளவுதான் அவர்களுக்கு" என்றார். நாய் வாய்க்காலில் இறங்கி நக்கிக் குடித்துக்கொண்டிருந்தது.

கிளார்க்கன்வெல்

வாய்க்கால் அந்தக் காலத்தில் வந்து முடிந்த இடம் இது. நியூ ரிவர் ஹெட் என்று பெயர். வட்டமான குளம் ஒன்றில் தண்ணீர் நிரம்பும். அங்கிருந்து பள்ளத்தில் இருக்கும் நகரத்துக்குக் குழாய்களில் இறங்கும். குழாய் என்றால் இரும்பு இல்லை. எல்ம் மரத்தின் அடிமரத்தை நடுவில் துளையிட்டு, ஒரு முனையைக் கூர்மையாகச் செதுக்கி அடுத்ததன் வாயில் செருகுவார்கள். வழியெங்கும் ஒழுகல். அழுத்தம் தாங்காது என்பதால் எல்லாத் தெருவுக்கும் ஒரே நேரத்தில் விட முடியாது. இந்தத் தெருவுக்கு இன்றைக்கு இரண்டு மணிநேரம், அந்தத் தெருவுக்கு நாளைக்கு என்று முறைவைத்துத் திறந்துவிட ஆள் உண்டு. வீட்டில் தொட்டி கட்டிப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை பெரும்பாலான லண்டன் வீடுகளின் நிலைமை இதுதான். சம்ப் நிரம்பியதா என்று அதிகாலையில் எழுந்து பார்க்கும் நாம் இதைப் படித்துப் பெருமூச்சு விடவேண்டியதில்லை. அவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. பழைய நீர்வாரியத்தின் தலைமை அலுவலகம்தான் வீடுகளாகிவிட்டது. பக்கத்தில் சாட்லர்ஸ் வெல்ஸ் நாடக அரங்கு. 1804-ல் அந்த மேடையில் பெரிய தொட்டி கட்டி, நியூ ரிவர் தண்ணீரை நிரப்பி, மாதிரிக் கப்பல்களை மிதக்கவிட்டுக் கடற்போர் நாடகம் போட்டார்கள். ஊருக்கு முறைவைத்துத் தண்ணீர். நாடகத்துக்குத் தொட்டி நிறைய.

செல்சி பாலம்

தேம்ஸின் வடகரையில், செல்சி பாலத்தை ஒட்டிப் புதுப்புது அடுக்குமாடிகள் நிற்கும் பகுதி. ஓட்டப்பயிற்சி செய்பவர்கள், குழந்தைத் தள்ளுவண்டிகள், கையில் காபி. நகரத்தின் குடிநீர் வரலாறு திரும்பிய இடம் இது என்பதற்கு என் கண்ணில் ஒரு பலகைகூடப் படவில்லை.

நியூ ரிவர் போதாமல் போன பிறகு கம்பெனிகள் முளைத்தன. ஆற்றில் குழாயைப் போட்டு, நீராவி எந்திரத்தால் இறைத்து, அப்படியே வீட்டுக்கு அனுப்பினார்கள். அதே ஆற்றில்தான் சாக்கடைகளும் விழுந்தன. தேம்ஸ் இங்கே ஓதம் ஏறி இறங்கும் ஆறு. கீழே போன கழிவு ஆறு மணிநேரத்தில் திரும்பி மேலே வரும். 1827-ல் ஜான் ரைட் என்பவர் வெளியிட்ட ஒரு பிரசுரம், ஒரு கம்பெனி தண்ணீர் எடுக்கும் வாய் பெரிய சாக்கடை ஒன்றின் வாய்க்குப் பக்கத்திலேயே இருப்பதை ஊருக்குச் சொன்னது. அடுத்த ஆண்டே வில்லியம் ஹீத் ஒரு கேலிச்சித்திரம் போட்டார்: ஒரு சீமாட்டி தேம்ஸ் தண்ணீரின் ஒரு துளியை உருப்பெருக்கியில் பார்த்துவிட்டுக் கையிலிருந்த தேநீர்க் கோப்பையை நழுவவிடுகிறார், துளிக்குள் பூதங்கள்.

செல்சி நீர்க்கம்பெனியின் பொறியாளர் ஜேம்ஸ் சிம்ப்சன். வடக்கே ஆலை நகரங்களில் துணி வெளுக்கவும் சாயமேற்றவும் தண்ணீரை வடிகட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஊர் ஊராகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். 1829-ல் இங்கே ஓர் ஏக்கர் பரப்பில் ஒரு படுகை அமைத்தார். அடியில் செங்கல், அதன்மேல் சரளை, அதன்மேல் மணல். மேலே தண்ணீரைத் தேக்கினால் மெல்ல இறங்கி அடியில் தெளிந்து வரும். அவர் நோக்கம் எல்லாம் சேறும் கலங்கலும் போகவேண்டும் என்பதுதான். பணம் கட்டும் வாடிக்கையாளர்கள் மண்நிறத் தண்ணீரைப் பார்த்து முகம் சுளித்தார்கள். அதற்கு மருந்து மணல். நோய் பற்றி அவர் யோசிக்கவில்லை, அன்றைக்கு யோசிக்க வழியும் இல்லை. காலரா லண்டனுக்கு முதலில் வந்தது அதற்குப் பிறகு, 1832-ல்.

வழி தெரிந்த பிறகும் மற்றக் கம்பெனிகள் அவசரப்படவில்லை. ஓர் ஏக்கர் நிலத்தைச் சும்மா மணலுக்குக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? குடிநீரை வடிகட்டித்தான் கொடுக்கவேண்டும், தேம்ஸில் ஓதம் ஏறாத டெடிங்டனுக்கு மேலேதான் எடுக்கவேண்டும் என்று சட்டம் வந்தது 1852-ல். இருபத்துமூன்று ஆண்டு. நடுவே 1849-ல் காலரா பல்லாயிரம் பேரை எடுத்துக்கொண்டு போயிருந்தது. விக்டோரியா காலத்துப் பொறியாளர்களின் சாதனை என்று பெருமையாக எழுதுகிறவர்கள் இந்த இருபத்துமூன்று ஆண்டை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள்.

சோஹோ

பிராட்விக் தெரு முனையில் கறுப்புச் சாயம் பூசிய ஒரு கைப்பம்பு நிற்கிறது. கைப்பிடி இல்லை. எதிரே ஜான் ஸ்னோ பெயரில் மதுக்கடை. டாக்டர் ஸ்னோ வாழ்நாளில் பெரும்பகுதி மதுவைத் தொடாதவர் என்பது சோஹோவுக்கே உரிய நக்கல்.

1854 ஆகஸ்ட் கடைசியில் இந்தத் தெருவைச் சுற்றிக் காலரா வெடித்தது. அறுநூறுக்கு மேல் சாவு. கெட்ட காற்றால் வருகிறது என்று எல்லோரும் சொன்னபோது ஸ்னோ வீடு வீடாகப் போய், இறந்தவர்கள் எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று கேட்டார். தெருவிலிருந்த பீர் ஆலைத் தொழிலாளிகள் சாகவில்லை. அவர்களுக்கு ஆலையிலேயே பீர் கிடைத்தது, சொந்தக் கிணறும் இருந்தது. பக்கத்து ஏழைகள் விடுதியில் ஐந்நூறு பேருக்கு மேல். இறந்தவர்கள் ஐந்து பேர். அங்கேயும் தனிக் கிணறு. ஆனால் வெகுதூரத்தில், ஹாம்ப்ஸ்டெட் குன்றில், காலராவே இல்லாத ஊரில் ஒரு விதவை இறந்துபோனார். அந்த அம்மாள் முன்பு இந்தத் தெருவில் குடியிருந்தவர். இந்தப் பம்புத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய், தினமும் வண்டியில் ஒரு புட்டி வரவழைத்துக் குடித்தார்.

எனக்கு இந்தக் கதை முழுவதிலும் மறக்காமல் நிற்பது அந்தப் புட்டிதான். அன்றைக்குப் பிராட் தெரு என்று பெயர்கொண்ட இந்தத் தெருவின் பம்புத் தண்ணீர் குளிர்ச்சியாகவும் தெளிவாகவும் இருக்கும் என்று அக்கம்பக்கத்தில் பெயர். குழாய்த் தண்ணீர் வந்த வீடுகளிலும் குடிக்க இங்கே வந்து பிடித்தார்கள். பின்னால் தோண்டிப் பார்த்தபோது, கிணற்றுச் சுவருக்கும் ஒரு வீட்டின் மலக்குழிக்கும் நடுவே மூன்று அடிகூட இல்லை. கண்ணும் நாக்கும் நல்ல தண்ணீர் என்று சொன்னதைத்தான் எல்லோரும் நம்பினார்கள்.

செப்டம்பர் 8-ஆம் தேதி கைப்பிடியைக் கழற்றினார்கள். ஸ்னோவின் பெயரில் இருக்கும் சங்கம் ஆண்டுதோறும் செப்டம்பரில் சொற்பொழிவு நடத்தி, ஒரு கைப்பிடியைக் கழற்றி மாட்டுவதை ஒரு சடங்காகவே வைத்திருக்கிறதாம். ஆனால் ஸ்னோவின் பெரிய வேலை பம்பு அல்ல. அதே ஆண்டு தேம்ஸின் தென்கரையில் இரண்டு கம்பெனிகள் ஒரே தெருக்களில் குழாய் போட்டுப் போட்டியிட்டுக்கொண்டிருந்தன. லாம்பெத் கம்பெனி ஆற்றின் மேற்பகுதிக்கு மாறிவிட்டது. சதர்க் அண்ட் வாக்ஸ்ஹால் இன்னும் பேட்டர்சியில் சாக்கடைத் தண்ணீரையே எடுத்தது. அடுத்தடுத்த வீடு, ஒரே காற்று, ஒரே வறுமை. தண்ணீர் மட்டும் வேறு. காலராவின் முதல் ஏழு வாரத்தில் பத்தாயிரம் வீட்டுக்கு லாம்பெத் பக்கம் 37 சாவு, மற்றதில் 315. எந்தக் கம்பெனித் தண்ணீர் என்று குடியிருப்பவர்களுக்கே தெரியாத வீடுகளில், ஸ்னோ தண்ணீரில் வெள்ளி நைட்ரேட் விட்டு உப்பின் அளவைப் பார்த்தார். கடலோதம் கலந்த தண்ணீர் உடனே வெண்மையாகத் திரண்டு காட்டிக்கொடுத்துவிடும்.

மதுக்கடையில் சாப்பிட உட்கார்ந்தோம். என்னோடு வந்த அக்கா மகன் கிழக்கு லண்டன்வாசி. பரிமாறிய பெண் கேட்காமலே ஜாடியில் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு அவன், "மாமா, தைரியமா குடிங்க. வீட்டுல ஜக்குல வடிகட்டுறதே கெட்டில்ல சுண்ணாம்பு படியுதுன்னுதான்" என்றான். அது உண்மைதான். இவர்கள் கெட்டிலுக்குள் பார்த்தால் வெள்ளை ஏடு ஏடாகப் பெயரும். தேநீரின் மேல் மெல்லிய ஆடை மிதக்கும். ஆம்வெல்லின் பாறை கோப்பைவரை கூடவே வருகிறது. சென்னையில் நான் கேன் தண்ணீருக்குப் போன் பண்ணும் நாட்களை நினைத்துக்கொண்டு ஒரு மடக்குக் குடித்தேன். கொஞ்சம் குளோரின் வாசம், அவ்வளவுதான்.

லீ பிரிட்ஜ்

கிழக்கு லண்டனுக்கு வந்தால் விலாங்கு சாப்பிடாமல் போகக்கூடாது என்றார்கள். வால்தம்ஸ்டோவில் ஒரு பழைய பை கடை. சுவரெல்லாம் வெள்ளை ஓடு, பளிங்கு மேசை, பெஞ்சு. சின்னக் கிண்ணத்தில் விலாங்குத் துண்டுகள், அவற்றின் சாறே உறைந்து கூழான நிலையில், சில்லென்று. மேலே வினிகரும் வெள்ளை மிளகுத்தூளும் தூவிக்கொள்ள வேண்டும். அக்கா மகன் தொடவில்லை. நான் சாப்பிட்டேன், நடுமுள்ளைத் துப்பத் தெரிந்தால் நல்ல மீன். புளி கரைத்து ஒரு குழம்பு வைத்திருந்தால் அவனும் சாப்பிட்டிருப்பான்.

இந்த வட்டாரத்தில் விலாங்கு ஒரு முறை சாட்சி சொல்லியிருக்கிறது. 1866-ல் லண்டனில் கடைசிப் பெருங்காலரா. இந்த முறை நகரம் முழுக்க இல்லை. கிழக்குப் பகுதியில் மட்டும், ஆயிரக்கணக்கில். கழிவுக்கால்வாய்கள் கட்டும் வேலை மற்ற இடங்களில் முடிந்து, இங்கே மட்டும் இணைக்கப்படாமல் இருந்தது. புள்ளிவிவரத் துறையின் வில்லியம் ஃபார் இறப்புக் கணக்கை வரைபடத்தில் வைத்துப் பார்த்தபோது, அது ஈஸ்ட் லண்டன் நீர்க்கம்பெனியின் விநியோக எல்லையோடு பொருந்தியது. கம்பெனியின் பொறியாளர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்: பல ஆண்டுகளாக வடிகட்டாத தண்ணீர் ஒரு சொட்டுகூட வெளியே போகவில்லை. அதற்குள், தங்கள் வீட்டுக் குழாயில் உயிருள்ள விலாங்கு வந்தது என்று வாடிக்கையாளர்கள் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மணல் வழியாக விலாங்கு வராது. ஓல்ட் ஃபோர்டில் மூடாமல் கிடந்த குளங்களிலிருந்து தண்ணீர் நேரே குழாய்க்குப் போனது தெரிந்தது. முதலில் இறந்த ஒரு தொழிலாளி, அவர் மனைவி இருவரின் வீட்டுக் கழிவு, அந்தக் குளங்களுக்குச் சற்றுக் கீழே, ஓதம் ஏறும் லீ ஆற்றில் கலந்தது.

அதே கம்பெனி 1850-களின் தொடக்கத்தில் கட்டிய வடிபடுகைகள் லீ பிரிட்ஜ் சாலைக்குப் பக்கத்தில் இன்றும் இருக்கின்றன. மிடில்செக்ஸ் ஃபில்டர் பெட்ஸ் என்பார்கள். நடுவில் வட்டமான கிணறு. அதைச் சுற்றி ஆறு படுகைகள். 1969-ல் மூடிவிட்டார்கள். இப்போது நாணலும் வில்லோவும் முளைத்து, தவளையும் நீர்க்கோழியும் குடியேறி, சரணாலயமாகிவிட்டது. பழைய எந்திரக் கூடத்தின் அஸ்திவாரக் கருங்கற்களை வட்டமாக அடுக்கி ஒரு சிற்பம் செய்து வைத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் அதன்மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

வரப்பில் நின்று பார்த்தால் எவ்வளவு எளிமையான வேலை என்று வியப்பாக இருக்கிறது. மணல் ஒரு மீட்டருக்குள். அதன்மேல் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் தண்ணீர். மணிக்குப் பத்து இருபது சென்டிமீட்டர் வேகத்தில் அது இறங்கும். புதிதாக மணல் போட்டவுடன் தண்ணீர் நன்றாகச் சுத்தமாகாது. ஒன்றிரண்டு வாரத்தில் மணலின் மேற்பரப்பில் வழவழவென்று ஒரு படலம் கட்டும்: பாசி, பாக்டீரியா, அவற்றைத் தின்னும் நுண்ணுயிர்கள். நோய்க்கிருமியைப் பிடித்துத் தின்பது இந்தப் படலம்தான். மணல் அதற்கு உட்கார இடம் கொடுக்கிறது. படலம் தடித்து நீர் இறங்குவது மந்தமானால், தண்ணீரை வடித்துவிட்டு ஆட்கள் மண்வெட்டியோடு இறங்கி, மேலே விரற்கடை மணலைச் சுரண்டி எடுப்பார்கள். பிறகு மறுபடி படலம் கட்டக் காத்திருக்க வேண்டும்.

சிம்ப்சன் படுகை கட்டியபோது இது யாருக்கும் தெரியாது. 1880-களில்தான், பெர்சி ஃபிராங்க்லாந்து லண்டன் படுகைகளுக்கு முன்னும் பின்னும் பாக்டீரியாவை எண்ணிப் பார்த்து, மணல் எவ்வளவு கிருமிகளை நிறுத்துகிறது என்று காட்டினார். சந்தேகம் பாக்கி இருந்தவர்களுக்கு 1892-ல் ஜெர்மனி பதில் சொன்னது. எல்பே ஆற்றில் மேலே இருந்த ஹாம்பர்க் வடிகட்டாமல் குடித்து எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இழந்தது. அதன் கழிவையும் சேர்த்து வாங்கிக்கொண்டு கீழே இருந்த ஆல்டோனா, மணலில் வடித்துக் குடித்ததால் பெரும்பாலும் தப்பியது. ஐம்பது ஆண்டுக்கு மேல், காரணம் தெரியாமலே வழுக்கும் பாசி ஊரைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. சுரண்டி எடுத்தவர்கள் அதை அழுக்கு என்று திட்டியிருப்பார்கள்.

மதராஸுக்கு இந்த முறை வந்துசேர்ந்தது 1914-ல். புழல் ஏரியிலிருந்து வரும் தண்ணீர் அதுவரை வடிகட்டாமல் ஊருக்குப் போனது. கீழ்ப்பாக்கத்தில் மணல் படுகைகள் அமைந்த பிறகுதான் குடிக்கத் தகுந்ததாயிற்று.

கெம்ப்டன்

மேற்கே, தேம்ஸ் கரையில் ஹாம்ப்டன். சட்டம் துரத்திய கம்பெனிகள் வந்து குடியேறிய பகுதி. அதை ஒட்டி கெம்ப்டனில், அதே நியூ ரிவர் கம்பெனி 1897-ல் ஒரு நீரேற்று நிலையம் திறந்தது. ஊற்றுத் தண்ணீர்க்காரர்கள் கடைசியில் தேம்ஸுக்கே வரவேண்டியதாயிற்று. 1904-ல் எட்டுக் கம்பெனிகளையும் நகர நீர்வாரியம் எடுத்துக்கொண்டது.

எந்திரக் கூடத்துக்குள் நுழைந்தால் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்க்க வேண்டும். 62 அடி உயர நீராவி எந்திரங்கள் இரண்டு, 1920-களின் கடைசியில் நிறுவியவை. வாரியத் தலைவர் பெயரில் சர் வில்லியம் பிரெஸ்காட், அவர் மனைவி பெயரில் லேடி பெஸ்ஸி. 1980 வரை வடலண்டனுக்குக் குடிநீர் தள்ளின. சர் வில்லியத்தைத் தன்னார்வலர்கள் பல ஆண்டு உழைத்து மறுபடி ஓடவைத்திருக்கிறார்கள். நான் போன அன்று ஓட்டினார்கள். அவ்வளவு பெரிய இரும்பு இப்படிச் சத்தமில்லாமல் ஓடும் என்று நினைக்கவில்லை. எண்ணெய் மணம், வெதுவெதுப்பு, தரையில் மெல்லிய அதிர்வு.

எண்ணெய்க் கேனோடு நின்ற பெரியவர் எந்திரத்தை எழுப்பிய நிறுவனத்தின் பெயரைக் காட்டினார்: வொர்த்திங்டன் சிம்ப்சன். "எந்த சிம்ப்சன்?" என்றேன். "அதே சிம்ப்சன்தான். செல்சியில் மணல் போட்டவர். அவர் கம்பெனியின் வாரிசு இது" என்றார். இவ்வளவு பெரிய எந்திரத்தைப் பார்க்க வந்தவன் மணலைப் பற்றிக் கேட்பது அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். படுகைகள் பக்கத்திலேயே இன்னும் வேலை செய்வதைச் சொன்னார். இப்போது சுரண்டுவதற்கு எந்திரங்கள். சில நிலையங்களில் மணலுக்கு நடுவே கரித்துகள் அடுக்கு ஒன்றும் வைக்கிறார்களாம், பூச்சிக்கொல்லி மிச்சங்களைப் பிடிக்க.

"குளோரின்?" என்று கேட்டேன்.

"அது நிலக்கரியால் வந்தது" என்று சிரித்தார். முதல் உலகப்போர். வாரியத்தின் நீராய்வுத் தலைவர் அலெக்சாண்டர் ஹூஸ்டன், தண்ணீரைப் பெரிய நீர்த்தேக்கங்களில் வாரக்கணக்கில் சும்மா நிறுத்தினாலே டைஃபாய்டு கிருமிகள் பெரும்பாலும் செத்துப்போகும் என்று காட்டியிருந்தார். ஆனால் ஆற்றுத் தண்ணீரைத் தேக்கங்களுக்கு ஏற்ற நிலக்கரி வேண்டும். போர்க்காலத்தில் நிலக்கரி மிச்சப்பட வேண்டும். 1916-ல், ஏற்றித் தேக்குவதை விட்டு, ஆற்றுத் தண்ணீருக்குக் குளோரின் போட்டு நேரே படுகைகளுக்கு அனுப்பினார். சிக்கனத்துக்காகச் செய்தது நிலைத்துவிட்டது.

ருசி பற்றி ஜனங்கள் முணுமுணுக்கவில்லையா என்றேன். "என் பாட்டி கடைசிவரை ஜாடியில் பிடித்து ஒரு ராத்திரி திறந்து வைத்துத்தான் குடிப்பாள்" என்றார். பிறகு கேன்டீன் பக்கம் கையைக் காட்டி, தேநீர் தீர்வதற்குள் போய் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு, எண்ணெய்க் கேனோடு இரும்புப் படியில் ஏறிப்போனார்.